காட்டு ப்ளூபெர்ரி நிலத்தை மே மாசத்துல இருந்து அறுவடை வரைக்கும் எப்படி பாத்துக்கறது?

கனடாவுல நோவா ஸ்கோஷியா மாகாணத்துல ஆக்ஸ்போர்ட் பக்கம் காட்டு ப்ளூபெர்ரி நிலம் லீஸுக்கு வருது, மே ஆரம்பிச்சு ஆகஸ்ட் அறுவடை வரைக்கும் என்னென்ன வேலை இருக்கும்னு கேட்டிருக்கீங்க. நீங்க டொராண்டோ பக்கம் இருந்துட்டு சம்மருக்கு மட்டும் வந்து பாத்துக்கலாம்னு கணக்கு போடறீங்கன்னு நினைக்கறேன். அதனால முதல்லயே சொல்லிடறேன், இந்தப் பயிருக்கு சீசன்னா 4 மாசம் இல்ல, 2 வருஷம்.

நான் விவசாயம் படிச்சவ இல்ல, அத வச்சு யாராவது கமென்ட்ல வருவீங்கன்னு தெரியும். வீட்டுக்காரர் ட்ரூரோவுக்குப் படிக்க வந்தப்ப கூட வந்தேன், ஆக்ஸ்போர்ட் இருக்கற அதே கம்பர்லாண்ட் கவுண்டியில ஒரு வயசான அம்மாவோட நிலத்துல வேலைக்குச் சேந்தேன், இப்பவும் அங்கதான். மண்ணுல நின்னு கத்துக்கிட்டதத்தான் எழுதறேன்.

இந்தச் செடிய யாரும் நட்டது கிடையாது. காட்டை அழிச்ச இடத்துல தானா இருந்தது, அருகம்புல் மாதிரி மண்ணுக்கடியில தண்டு ஓடி ஓடி படர்ந்து நிக்குது. அறுவடை முடிஞ்சதும் இலையுதிர் காலத்துலயோ அடுத்த வசந்தத்துலயோ தரையோட தரையா அறுத்து விட்டுருவோம், சில பேர் எரிப்பாங்க. அந்த வருஷம் ஒரு பழம் கூட கிடைக்காது. புதுத் தளிர் வரும், ஜூலை வாக்குல தளிரோட நுனி கருத்து வளர்ச்சி நிக்கும், அதுக்கப்புறம் அதுலயே அடுத்த வருஷத்துக்கான பூமொட்டு உக்காரும். அடுத்த வருஷம்தான் பூ, காய், பழம் எல்லாம். அதனால எல்லாரும் நிலத்தப் பாதியா பிரிச்சு வருஷத்துக்கு ஒரு பாதியில பழம் எடுப்பாங்க.

பழம் இல்லாத அந்த வருஷத்த சும்மா கெடக்கற வருஷம்னு நினைக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரமா வரும். விளைச்சல் முடிவாகறதே அந்த வருஷத்துலதான். எத்தன மொட்டு, தண்டு எவ்வளவு நெருக்கம், களை எவ்வளவு எல்லாமே அப்பதான். உரம் வேணுமா வேணாமான்னு பாக்க இலை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறதும் அந்த வருஷம் நுனி கருகற நேரத்துலதான். டெஸ்ட் பண்ணாம உரத்த அள்ளிக் கொட்டுனீங்கன்னா ப்ளூபெர்ரிக்கு முன்னாடி களைதான் சாப்பிடும், ஏன்னா இந்தச் செடிக்கு சத்து கொஞ்சம் போதும். மண்ணு புளிப்பா, பிஎச் 4-லருந்து 5-க்குள்ள இருக்கணும். அது ஏறினா களைக்குக் கொண்டாட்டம், அதனால கந்தகம் போட்டு இறக்குவாங்க.

எங்க நிலத்துல நான் வந்த புதுசுல அறுத்து விட்ட பாதியில கொத்துக் கொத்தா மெல்லிசா ஒரு புல்லு. ஹேர் ஃபெஸ்க்யூன்னு பேரு, இந்த மாகாணத்துல இன்னைக்குப் பெரிய தலைவலியே அதுதான். எல்லாரும் பல வருஷமா அடிக்கற ஹெக்சாசினோன்ங்கற களைக்கொல்லி அதுக்கு நெறைய நிலத்துல கேக்கறதில்ல. நான் அந்த அம்மாகிட்ட தினம் போய் இத விட்டா அடுத்த தடவ மெஷின் உள்ள எறங்கும்போது பழத்தோட புல்லும் சேந்துதான் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கடைசியா இலையுதிர் காலக் கடைசியில, மண்ணு நல்லா குளிர்ந்தப்புறம் ஆனா உறையறதுக்கு முன்னாடி, ப்ரோனமைட்னு வேற ஒரு களைக்கொல்லி அடிச்சோம். விலை கூடுதல்தான், பக்கத்து நிலத்துக்காரர் காச வீணாக்கறீங்கன்னு நேரா சொன்னாரு. அடுத்த வசந்தத்துல அந்தக் கொத்தெல்லாம் காஞ்சு கெடந்த எடத்துல ப்ளூபெர்ரி தளிர் வந்ததப் பாத்து அதே ஆளு என்ன அடிச்சீங்கன்னு கேக்க வந்தாரு. எனக்கு அது பெருமைதான், மறைக்க மாட்டேன். இன்னொண்ணு, அந்த விதை அறுவடை மெஷின்லயும் அறுக்கற மெஷின்லயும் ஒட்டிக்கிட்டுத்தான் நிலம் விட்டு நிலம் போகுது. வாடகைக்கு வர்ற மெஷினக் கழுவாம உள்ள விடாதீங்க, யார் கோச்சுக்கிட்டாலும் சரி.

மருந்தப் பத்தி சொன்னதும் ஆர்கானிக் ஆளுங்க வருவீங்க. மருந்தில்லாம செய்யறவங்க இருக்காங்க, நான் மதிக்கறேன். ஆனா லீஸ் கட்டி முதல் வருஷம் இறங்கறவங்களுக்கு அத நான் சொல்ல மாட்டேன்.

இப்ப நீங்க கேட்ட மே மாசம். பழம் வர்ற பாதியில மொட்டு விரியறப்பவே மம்மி பெர்ரின்னு ஒரு பூஞ்சாணம் வரும். போன தடவ கீழ விழுந்து காஞ்ச பழத்துலருந்து குட்டிக் கிண்ணம் மாதிரி முளைக்கும், இலை நெறைய நேரம் ஈரமா இருந்தா புடிச்சிக்கும், அதனால மொட்டு எந்த நிலையில இருக்கு, மழை எப்பன்னு பாத்து மருந்தடிக்கணும், தேதி பாத்து இல்ல. பூ தொறக்க ஆரம்பிச்சதும் தேனீப் பெட்டி வரணும், அதுக்கு முன்கூட்டியே பேசி வைங்க. பூச்சிமருந்து பூ இருக்கற வரைக்கும் தொடவே கூடாது. ஓரத்துல இருக்கற மரத்தையும் பூச்செடியையும் வெட்டாதீங்க, காட்டுத் தேனீயும் வண்டுத்தேனீயும் அங்கதான் தங்குது, குளிர் நாள்ல பெட்டித் தேனீ வெளிய வராதப்ப அதுங்கதான் வேலை செய்யும்.

உறைபனி உங்க கையில இல்ல. 2018 ஜூன் 4 ராத்திரி இந்த மாகாணமே அடி வாங்குச்சு. பூ முழுக்க விரிஞ்சு நின்ன நேரம். காலையில பாத்தா பள்ளத்துல இருந்த பூ எல்லாம் பழுப்பாயிருந்துச்சு, குளிர்காத்து கனமா கீழ போய்த் தேங்கும் இல்லையா. மேட்டுல இருந்தது ஓரளவு பொழச்சுது. ஒவ்வொரு திட்டும் தனித்தனிச் செடி, ஒண்ணு முந்திப் பூக்கும் ஒண்ணு பிந்தும், பிந்துனதெல்லாம் தப்பிச்சுது. அன்னைக்கு அந்த அம்மா அழுததப் பாத்ததுலருந்து யார் நிலம் பாக்கக் கூப்பிட்டாலும் நான் முதல்ல பள்ளம் எங்க இருக்குன்னுதான் பாப்பேன்.

ஜூலைல பழத்துக்குள்ள முட்டை வைக்கற பழ ஈக்குப் பொறி வைக்கணும், ஆகஸ்ட்ல அதே வேலைய செய்யற புள்ளி இறக்கை ஈ வேற. சீக்கிரம் பழத்த எடுத்துட்டா அதுல பாதி தொல்லை இல்ல.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தம் இல்லாட்டியும் சொல்லிடறேன். உண்ணி. கால்ல பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகாம இறங்காதீங்க, உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய் இங்க நெறைய. எனக்குக் கடிச்சப்ப ஒரு கிளினிக்ல காத்துக் கெடந்து, கொசுக்கடின்னு சொல்லித் திருப்பி அனுப்புனாங்க. நமக்குன்னு ஒரு குடும்ப டாக்டர் வேணும்னு பேரப் பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா உக்காந்திருக்கோம், கிராமத்துல உழைக்கறவனுக்கு ஒடம்பு கிடையாதா? ஃபார்மசில கேளுங்க, உண்ணி கடிச்சப்புறம் நோய் வராம தடுக்கற மருந்த அவங்களே எழுதித் தரலாம், அது எனக்கு அப்ப யாரும் சொல்லல.

லீஸ் விஷயத்துக்கு வரேன். 1 வருஷத்துக்கோ 3 வருஷத்துக்கோ கையெழுத்து போடாதீங்க, குறைஞ்சது 4 கேளுங்க, அப்பதான் 2 சுத்து முழுசா வரும். எந்தப் பாதி எந்த வருஷத்துல இருக்குன்னு எழுத்துல வாங்குங்க. முடிஞ்சா மே கடைசியில நேர்ல போய் அறுத்து விட்ட பாதியத்தான் முதல்ல காட்டச் சொல்லுங்க, பூத்து நிக்கற பாதிய எல்லாரும் காட்டுவாங்க. அங்க கொத்துப் புல்லு நெறைய இருந்தா வாடகையில அந்த மருந்துச் செலவக் கழிச்சுப் பேசுங்க.