இரண்டாம் முறை மேகாலயா

கேள்வி: பார்த்த மலைக்கே குழுவோடு மறுபடி போவானேன்?

பதில்: முதல் முறை ஜூலையில் போனேன். லைட்லும் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றும் மூட்டம் தவிர ஒன்றும் தெரியவில்லை. போன டிசம்பரில் பதினோரு பேராகப் போனோம். அடிவாரத்து ஆறு வரை பளிச்சென்று தெரிந்தது!

மாவ்ஸ்மாய் குகையில் ஒரே நெரிசல், சீக்கிரமே வெளியே வந்துவிட்டோம். அப்புறம் நோங்ரியாட் கிராமம். மூவாயிரத்துக்கும் அதிகமான படிகள், மூட்டு வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டடுக்கு வேர்ப்பாலம். ஆல மர இனத்தைச் சேர்ந்த ரப்பர் மரத்தின் உயிருள்ள வேர்களை அந்த மலைகளின் காசி (Khasi) பழங்குடி மக்கள் ஓடையின் குறுக்கே இழுத்துப் பின்னி வளர்க்கிறார்கள். ஆள் நடக்கும் அளவுக்கு உறுதிப்பட 15 வருடமாவது ஆகுமாம்.

முதல் முறை படம் எடுத்துவிட்டுத் திரும்பியவன் நான். இம்முறை எங்களோடு வந்த தோட்டக்கார அண்ணன்தான் கையைப் பிடித்து நிறுத்தி, "இங்க பாருங்க தம்பி" என்றார். கைப்பிடியான முதிர்ந்த வேரில், சுண்டுவிரல் பருமனில் ஓர் இளவேரை யாரோ புதிதாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். நுனி இன்னும் ஈரமாக, வெளிர்சிவப்பாக இருந்தது.