விலை குறைந்த பொழொலே சிவப்பு ஒயினின் சுவை எப்படி இருக்கும்?

மெல்லிய சிவப்பு ஒயின் என்றாலே நீர்த்துப்போன ஒயின்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. அதற்குப் பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே கமே என்னும் திராட்சையிலிருந்து செய்யப்படும் பொழொலே ஒயினே நல்ல சான்று.

கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் ஊதா கலந்த செந்நிறம் தெரியும். மூக்கருகே கொண்டுசென்றால் ஸ்ட்ராபெரி, செர்ரி மணமும், மிக இளம் ஒயினாக இருந்தால் வாழைப்பழ வாசமும் எழும். பழங்களை நசுக்காமல் குலைகுலையாகத் தொட்டியில் இட்டு மூடும்போது, கரியமில வாயு நிறைந்த சூழலில் ஒவ்வொரு பழத்தின் உள்ளேயும் நொதித்தல் தொடங்குகிறது என்பதும், அப்போது தோலிலிருந்து துவர்ப்பைத் தரும் டானின் என்னும் பொருள் குறைவாகவே இறங்குகிறது என்பதும்தான் இந்த மணத்துக்கும் மென்மைக்கும் முக்கியக் காரணங்கள். ஆகவே கடுந்தேநீர் குடித்தாற்போல் நாக்கை இழுக்கும் துவர்ப்பு இதில் இராது; வாயூறச் செய்யும் இளம்புளிப்பே முன்னிற்கும், அதுவே இதன் உண்மையான அழகு.

நவம்பர் மாத மூன்றாம் வியாழனன்று வெளியாகும் நூவோ வகை, அறுவடையான சில வாரங்களிலேயே புட்டியில் அடைக்கப்படுவதால், மணம் மிகுந்தும் ஆழம் குறைந்தும் இருக்கும். அப்பகுதியின் குறிப்பிட்ட சில ஊர்களில் விளையும் திராட்சையில் செய்யப்படும், சற்றே கூடுதல் விலையுள்ள பொழொலே வில்லாழ் வகையையே நான் பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும் 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்துப் பருகுங்கள். நம் ஊர் அறை வெப்பத்தில் ஆல்கஹாலின் காரமே மேலோங்கி, பழச்சுவை மழுங்கிவிடும்.