150 குதிரைத்திறனுக்கு மேனுவலா, டிஎஸ்ஜியா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீடு சிங்காநல்லூர், வேலை சரவணம்பட்டி. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி 1.5 எடுப்பது என்று முடிவாகிவிட்டது. ஆறு கியர் மேனுவலா, ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கா என்பதில்தான் மூன்று மாதமாகக் குழப்பம். டிஎஸ்ஜிதான் வேகம் என்கிறார் ஒரு நண்பர். மேனுவல் இல்லையென்றால் இந்த எஞ்சினே வீண் என்கிறார் இன்னொருவர். மாதம் ஒரு தடவையாவது வால்பாறை போவேன். மனைவியும் ஓட்டுவார், அவர் பழகியது ஆட்டோமேட்டிக்கில். கொஞ்ச நாள் கழித்து ரீமேப் செய்கிற, அதாவது எஞ்சின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டுகிற, எண்ணமும் இருக்கிறது. எதை எடுக்கலாம்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேனுவல் எடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் மனைவி ஒரு வேலை நாள் சாயங்காலம், ஆறரை மணி நெரிசலில், ஹோப் காலேஜ் சிக்னல் பக்கம் அந்த மேனுவல் வண்டியை ஓட்டிப் பார்த்து "எனக்கு இது சரி" என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை என்றால் டிஎஸ்ஜி எடுங்கள், அதற்காக நீங்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு பேர் ஓட்டுகிற ஒரே காரை ஒருவருடைய ஆசைக்காக மட்டும் வாங்கினால், மற்றவர் ஆறு மாதத்தில் சாவியைத் தொடுவதையே விட்டுவிடுவார். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் முதல் நண்பர் சொன்ன வேகக் கணக்கைப் பார்ப்போம். அவர் சொல்வது உண்மைதான், அதில் வாதமே கிடையாது. 1989-ல் பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செல், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் துடுப்பு வைத்த ஃபெராரியில் ஜெயித்தபோதே பந்தய உலகத்தில் அந்த வழக்கு முடியத் தொடங்கிவிட்டது. தெருவில் ஓடும் கார்களில் இன்னும் தெளிவான சாட்சி வேண்டுமென்றால் 992 தலைமுறை போர்ஷே 911 ஜிடி3-ஐப் பாருங்கள். ஒரே எஞ்சின், ஒரே டயர். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட பிடிகே என்ற இரட்டை கிளட்ச் கியர் பெட்டியோடு 3.4 விநாடி, மேனுவலோடு 3.9 விநாடி. இவ்வளவுக்கும் மேனுவல் வண்டி எடையில் கொஞ்சம் குறைவு. அரை விநாடி என்பது இந்த உயரத்தில் மிகப் பெரிய இடைவெளி.

ஆனால் அதே போர்ஷேயின் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. 2013-ல் வந்த ஜிடி3-ஐ அவர்கள் பிடிகே-யோடு மட்டும்தான் விற்றார்கள். வாடிக்கையாளர்கள் பலர் விடவில்லை, மூன்றாவது பெடலான கிளட்ச் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2016-ல் 911 ஆர் என்று மேனுவல் மட்டுமே உள்ள காரை 991 எண்ணிக்கையில் போட்டார்கள், அதற்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஆள் வந்தது. 2017-ல் ஜிடி3-லேயே மேனுவலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மெதுவானது என்று தெரிந்தே அதைக் கேட்டு வாங்குகிற மக்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் வாங்குவது வேகத்தை அல்ல, ஓட்டுகிற வேலையை. நீங்களும் அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே என் கருத்து ஒன்று, இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறைய பேர் உண்டு. கார் எவ்வளவுக்கெவ்வளவு பலசாலியோ, மேனுவலின் தேவை அவ்வளவுக்கவ்வளவு குறைகிறது. 2024-க்குப் பிந்தைய பிஎம்டபிள்யூ எம்2-வில் 480 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக்குக்கு 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுக்கிறார்கள், மேனுவலுக்கு 550-தான். அந்த மாதிரி வண்டியில் நம் சாலையில் செகண்டையும் தேர்டையும் முழுசாக இழுத்தாலே லைசென்ஸ் போகிற வேகம் வந்துவிடும், கியர் மாற்றுகிற சந்தர்ப்பமே அதிகம் கிடைக்காது. ஆனால் 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் என்பது வேறு உலகம். இந்த எஞ்சினை அதன் கடைசிச் சொட்டு வரை பொது சாலையிலேயே, நியாயமான வேகத்திலேயே அனுபவிக்கலாம். எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்-மில் அடுத்த வளைவுக்குள் நுழைவது என்பதை நீங்களே தீர்மானித்து, அது சரியாக அமையும்போது கிடைக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது இந்த அளவு கார்களில்தான் முழுசாகக் கிடைக்கும். அதனால்தான் உங்களுக்கு மேனுவல் என்றேன்.

வால்பாறைச் சாலையை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அடிக்கடி போகிற இடம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். விர்டஸ் 1.5-ன் முழு முறுக்குவிசை 1,600-லிருந்து 3,500 ஆர்பிஎம் வரை கிடைக்கும். செகண்ட் கியரில் வளைவுக்குள் போனால் எஞ்சின் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கும், ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திறந்தாலே வண்டி ஏறிவிடும். ஃபர்ஸ்டுக்கு இறக்க வேண்டிய அவசியம் எதிரே பஸ் வந்து நீங்கள் நின்றுவிட்டால் மட்டும்தான்.

டிஎஸ்ஜி இதே இடத்தில் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள அதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் இரண்டு கிளட்ச். ஒன்றில் 1, 3, 5, 7 கியர்கள், இன்னொன்றில் 2, 4, 6, ரிவர்ஸ். நீங்கள் மூன்றாவதில் போகும்போதே கணினி அடுத்ததை ஊகித்து நான்கையோ இரண்டையோ தயாராக வைத்திருக்கும். ஊகம் சரியென்றால் மாற்றம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், எந்த மனிதக் கையும் அருகில் வராது. ஊகம் தப்பினால்தான் தயக்கம். அதுவும் நான்கிலிருந்து நேராக இரண்டுக்குப் போக வேண்டும் என்றால், இரண்டும் ஒரே கிளட்சில் இருப்பதால், இடையில் மூன்றைத் தொட்டுத்தான் போக முடியும். சாதாரண ஓட்டத்துக்கான டி-யில் போட்டுவிட்டு வளைவுக்குள் போய், வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காமல் பிறகு சட்டென்று இழுக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். ஸ்போர்ட் எனும் எஸ் மோடில் போட்டாலோ, வளைவுக்கு முன்பே துடுப்பைத் தட்டி இரண்டுக்கு இறக்கிவிட்டாலோ இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். டிஎஸ்ஜி வாங்கிவிட்டு மலையில் டி-யிலேயே ஓட்டி "இது சரியில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. குறை பெட்டியிடம் இல்லை.

இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இது ருசியைப் பற்றிய விஷயம் இல்லை, உயிரைப் பற்றியது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய பஸ் டிரைவர்கள் சொல்வது இன்றைக்கும் சரிதான். மேனுவலில் கியர் தானாக ஏறாது என்பதால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். டிஎஸ்ஜியை டி-யில் விட்டால் பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பார்த்து மேல் கியருக்குப் போய்விடும், வேகம் கூடும், நீங்கள் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருவீர்கள். லோம்ஸ் வியூவில், அதாவது ஒன்பதாவது கொண்டை ஊசியில், நிறுத்தி இறங்கும்போது எத்தனை கார்களின் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வருகிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். டிஎஸ்ஜி என்றால் மேனுவல் மோடில் இரண்டிலேயே பூட்டிவிட்டு இறங்குங்கள்.

இப்போது நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் இந்தக் கார்களைப் பார்க்கிற எல்லோர் மனதிலும் இருக்கிற பயம்: டிஎஸ்ஜி நின்றுவிடுமா? விர்டஸில் இருப்பது டிக்யூ200 என்ற வகை, உலர் கிளட்ச். கியர்களுக்குத் தனியாக எண்ணெய் உண்டு, ஆனால் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் நனைந்து குளிர்வதில்லை, காற்றில்தான் குளிர வேண்டும். 2008-ல் அறிமுகமான இந்தக் குடும்பத்துக்கு ஆரம்பத்தில் நல்ல பெயர் கிடையாது. 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை டிஎஸ்ஜி கோளாறுக்காகத் திரும்ப அழைத்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் ஏழு கியர் பெட்டியின் எண்ணெயை மாற்றுவதற்காக உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களை அழைத்தார்கள். அதற்குப் பிறகு பெட்டி எவ்வளவோ திருத்தப்பட்டுவிட்டது, இன்றைய பெட்டியை அன்றைய செய்தியை வைத்து எடை போடுவது நியாயம் இல்லை. ஆனால் உலர் கிளட்ச் சூடாகும் என்ற அடிப்படை மாறவில்லை.

அது எப்போது சூடாகிறது? வேகமாக ஓட்டும்போது இல்லை, மெதுவாக ஊரும்போது. நின்று பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தால் கிளட்ச் முழுசாக விலகிவிடும், தேய்மானமே இல்லை. ஓடும்போது முழுசாகப் பிடித்திருக்கும், அப்போதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், பிரேக்கைப் பாதி விட்டு அடி அடியாக நகரும்போதுதான் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு மே மாதம் ஊட்டிக்கு ஏறுகிற வழியில் நெரிசலில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டோம், நண்பரின் இரட்டை கிளட்ச் வண்டியில் (எந்த கம்பெனி என்பது வேண்டாம்) சூட்டு எச்சரிக்கை வந்து, ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் காத்திருந்தோம். மேட்டில் பிரேக்கைப் பயன்படுத்தாமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைத்திருந்ததுதான் அவர் செய்த தவறு. மேனுவலில் அரை கிளட்சில் நிறுத்துவதற்குச் சமம் அது.

அதனால் டிஎஸ்ஜி எடுத்தால், முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழும் வரை பிரேக்கை விடாதீர்கள், பிறகு தயங்காமல் நகருங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். இந்த ஒரு பழக்கம் எந்த வாரண்டி நீட்டிப்பையும் விட உங்கள் பெட்டியைக் காப்பாற்றும். நீட்டிப்பு வாரண்டியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவிக்கு ஆட்டோமேட்டிக்தான் வேண்டும், ஊருக்குள் ஊர்வதுதான் முக்கால்வாசி ஓட்டம் என்று ஆகிவிட்டால், விர்டஸிலேயே 1.0 டர்போவோடு வரும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் பெட்டியையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதில் கிளட்சுக்குப் பதில் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது, நெரிசலில் ஊர்வது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 115 குதிரைத்திறன்தான், மலையில் 1.5-ன் சுகம் வராது, ஆனால் வேலை நாள் முழுக்க நிம்மதி.

ரீமேப் விஷயத்துக்கு வருவோம். டிக்யூ200 தாங்கும் முறுக்குவிசை என்று குறித்திருப்பது 250 நியூட்டன் மீட்டர். உங்கள் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே அதே 250-ஐக் கொடுக்கிறது. அதாவது மிச்சம் ஒன்றும் விட்டுவைக்கவில்லை. ரீமேப் செய்துவிட்டு ஒன்றும் ஆகாமல் வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வாரண்டி போனபின் கியர் மாற்றத்தை இயக்குகிற மெக்கட்ரானிக் பாகமோ கிளட்ச் தொகுதியோ போனால் லட்சக்கணக்கில் பில் வரும். மேனுவலில் அதிகபட்சம் கிளட்ச் வழுக்கத் தொடங்கும், கிளட்ச் செட்டை மாற்றினால் முடிந்தது. ரீமேப் கட்டாயம் செய்வேன் என்றால் மேனுவலுக்கு இது இன்னொரு காரணம். என்னைக் கேட்டால், வாரண்டி முடியும் வரை இரண்டிலுமே தொடாதீர்கள். ஒரே டிரிமில் டிஎஸ்ஜிக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மேனுவல் எடுத்தால் மிச்சமாகும் அந்தப் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் போட்டுவிட்டு, செட்டிபாளையம் கரி டிராக்கில் ஒரு பயிற்சி நாளுக்கும் போய் வாருங்கள். 30 குதிரைத்திறன் கூட்டுவதைவிட அது உங்களை வேகமாக்கும்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூம்காரர் காட்டுகிற காலியான சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிடாதீர்கள். மேனுவலில் முதலில் சீட்டைச் சரிசெய்து, கிளட்சைத் தரை வரை அழுத்துங்கள். அப்போது இடுப்பு சீட்டிலிருந்து நழுவினாலோ, முழங்கால் முழுக்க நீண்டுவிட்டாலோ சீட் இன்னும் முன்னால் வர வேண்டும். உங்களுக்கும் மனைவிக்கும் தனித்தனியாக இதைப் பாருங்கள், அவர் உயரத்துக்கு அது அமையவில்லை என்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும். டிஎஸ்ஜியில், பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவு இருந்தால் அதில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள், திணறலோ உதறலோ இருந்தால் அங்கேதான் தெரியும். அப்புறம் இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டுங்கள். இரண்டு ஷோரூமில், இரண்டு வாரம் இடைவெளி விட்டு ஓட்டினால் எது பிடித்தது என்பதே மறந்துபோய், மறுபடி அந்த இரண்டு நண்பர்களிடம்தான் போய் நிற்பீர்கள்.