யானைமலைக் கல்லில் இருப்பது எரிமலை அடுக்கா?

மதுரை யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடைப் பக்கம் எடுத்த கல்லில் கறுப்பு வெள்ளை வரிகள் இருப்பதால், ஒவ்வொரு வரிக்கும் எரிமலை அடுக்கு என்று பெயர் வைக்கலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். யானைமலை நைஸ் பாறை. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பட்டு உருமாறியது. கறுப்பு வரியை ஊசியால் நெம்புங்கள், மினுமினுவென்று செதில் வந்தால் அது பயோடைட் என்னும் கறுப்பு மைக்கா. வெள்ளை வரி குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமங்கள்.

எரிமலை அடுக்கு பார்க்க வேண்டுமென்றால் மகாராஷ்டிரா போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். அங்கே தக்காணப் பசால்ட்டில், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கறும்பாறையில், பல குழம்பு ஓட்டங்களின் மேற்பகுதியில் பணியாரத்தில் இருப்பதுபோல வாயுத் துளைகள், பல இடங்களில் அதில் சியோலைட் என்னும் வெள்ளைக் கனிமம் நிரம்பியிருக்கும். சில ஓட்டங்களுக்கு நடுவே செம்மண் பட்டையும் உண்டு. இந்த ஓட்டங்களின் தொகுதிகளுக்கு நிறத்தை வைத்துப் பெயரிட மாட்டார்கள். அந்தத் தொகுதி நன்றாக வெளியே தெரியும் இடத்தின் பெயர்தான். அம்பேனலி, அதற்கு மேலே மகாபலேஷ்வர். சரி, உங்கள் நோட்டில் இப்போதைக்கு ‘பட்டை நைஸ்’ என்றும், வரிகளின் தடிமனை மில்லிமீட்டரிலும் எழுதுங்கள்.