“நான் எடுக்கலம்மா, ஃபார்வர்டுதான் பண்ணுனேன்”

அன்புள்ள மேடம்,

முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்குக் கேரளாவில் டீக்கடை வேலை. மகன் ஒன்பதாம் வகுப்பு.

அவன் வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்குவாய். அவன் செய்யுள் ஒப்பிக்க முடியாமல் திணறியதை, யாரோ ஒளித்துக் கொண்டுபோன போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். அதில் பாட்டைச் சேர்த்து, முகத்தை ஸ்டிக்கராக்கி, வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் ஓடுகிறது. மகன் ராத்திரி என் போனைத்தான் எடுப்பான், அதனால் என் கண்ணில் பட்டது. கேட்டால், “நான் எடுக்கலம்மா, ஃபார்வர்டுதான் பண்ணுனேன். எல்லாரும் சும்மா ஓட்டுறதுதான்” என்கிறான். முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனவர்கள்.

அந்தப் பையன் ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. அவன் அம்மாவும் நானும் ஒரே கடைக்குத்தான் பீடி கொடுக்கிறோம். “வயித்துவலின்னு படுத்தே கெடக்கான்க்கா” என்று நேற்று சொன்னாள். எனக்கு வாயே வரவில்லை. வீட்டுக்காரரோ, “பிள்ளைய அப்படித்தான் இருக்கும், நீ பெருசாக்காத” என்கிறார். சொல்லட்டுமா, விடட்டுமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லுங்கள், இன்றைக்கே. பீடிக்கடையில் நாலு பேர் முன்னால் வேண்டாம், பையனின் அம்மாவை அவர் வீட்டில் பார்த்துச் சொல்லுங்கள். அந்த வயிற்றுவலி நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. பயமும் அவமானமும் பிள்ளைகளுக்கு வயிற்றுவலியாக, தலைவலியாக வருவது வழக்கம். டாக்டரிடம் காட்டட்டும். ஆனால் காரணம் என்னவாக இருக்கலாம் என்பது இப்போது உங்களுக்குத்தான் தெரியும்.

கூட்டாளிகள் ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். இன்று இவன், நாளை அவன், முகம் வாடினால் நிறுத்திவிடுவார்கள். இங்கே ஒரே பையன்மேல், தினமும், கூட்டமாகப் போகிறது. திருப்பிக் கொடுக்கப் பேச்சு வேண்டும், அதில்தான் அவனை அடிக்கிறார்கள். சிரிப்பும் அவசரப்படுத்துவதும் திக்கலைக் கூட்டும் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள்.

ஃபார்வர்டு சின்ன விஷயமில்லை. பார்க்க ஆளில்லாவிட்டால் அந்த வீடியோ இரண்டு நாளில் செத்துப்போயிருக்கும். ஆனால் மகனை அடிக்காதீர்கள். போனைப் பிடுங்கினால் அடுத்தமுறை உங்கள் கண்ணில் படாத போனில் நடக்கும். “நீ சிரிக்காமல் இருந்திருந்தால் உன்னை என்ன செய்திருப்பார்கள்?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். பழைய சைக்கிள் கூட்டாளியைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்குப் பெரும்பாலும் அடுத்த முறை தனக்கோ என்ற பயம் இருக்கும். அது சாக்கு ஆகாது, ஆனால் பேச்சை அங்கே தொடங்கலாம்.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தக் குரூப்பில் இருக்கிறவர்கள் எல்லாம் சாதியைக் காட்டக் கையில் ஒரே கலர் கயிறு கட்டினவர்களா? நம் திருநெல்வேலி ஜில்லாவில் இதைக் கேட்காமல் தாண்டிப் போக முடியாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்கூடம் போகாமல் இருந்த ஒரு பட்டியல் சமூகப் பையனையும், தடுக்க வந்த தங்கையையும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே வெட்டினார்கள். அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. உங்கள் மகன் கையிலும் கயிறு இருந்தால், அதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

அழிக்கச் சொல்வதற்கு முன்னால், யார் எப்போது போட்டார்கள் என்பது தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்த வீடியோவைப் புதிதாக யாருக்கும் அனுப்ப வேண்டாம், தலைமையாசிரியரிடம் உங்கள் போனிலேயே காட்டினால் போதும். குரூப் அட்மின் நினைத்தால் மற்றவர்கள் சமீபத்தில் போட்டதையும் எல்லோருக்குமாக நீக்கலாம். வெளியே போன பிரதிகளை அப்படித் திரும்பப் பிடிக்க முடியாது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்று ஆசிரியர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுபடியும் அந்தப் பையனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அவன் சம்மதித்தால், உங்கள் மகன் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். அதற்கு முன் குரூப்பில், “இதோட நிறுத்துங்கலே” என்று ஒரு வரி போடட்டும். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, கூட நிற்கும் ஒரு பிள்ளை குறுக்கே வந்தால் பாதிக்கு மேற்பட்ட சமயம் 10 விநாடிக்குள் வம்பு நின்றுபோனது.

பையனின் அம்மா உங்களைத் திட்டலாம், எதிர்ப்பேச்சு பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று எப்போதாவது தோன்றியதா என்பதை அவனிடமே நேராகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. பள்ளி அசட்டையாக இருந்தால் கல்வித்துறையின் 14417.

உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வீடியோவை அனுப்பாதீர்கள். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது அவரிடம் நேரில் பேசிக்கொள்ளலாம், அதுவரை அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.