டேக்கில் ‘ஒட்டு’ என்று எழுதியிருந்தால் போதுமா?

கேள்வி: ஆன்லைனில் ரம்புத்தான் ஒட்டுக்கன்று வாங்கினேன். தண்டில் நாடா சுற்றியிருக்கிறது, ஆனால் பார்த்தால் விதைக்கன்று மாதிரியே இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல வேளை, நடுவதற்கு முன்பே கேட்டீர்கள். ரம்புத்தானில் இது பெரிய விஷயம். விதையிலிருந்து வரும் கன்றுகளில் கிட்டத்தட்ட பாதி ஆண் மரமாகிவிடும். ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தும் பூ மட்டும்தான் கிடைக்கும். காய்த்த மரத்திலிருந்து எடுத்த மொட்டையோ குச்சியையோ வைத்து ஒட்டியிருந்தால் இந்தப் பயம் இல்லை.

தண்டை மண்ணிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். மொட்டு கட்டிய கன்றில், மேலே போகும் தண்டு பக்கவாட்டிலிருந்து ஒரு வளைவோடு கிளம்பும். பக்கத்தில் வேர்ச்செடியை, அதாவது ஒட்டுக்கு அடியில் வேரோடு இருக்கும் செடியை, வெட்டிவிட்ட தடம் இருக்கும். குச்சி ஒட்டு என்றால் ஒரு முடிச்சு, பட்டையின் நிறத்தில் ஒரு மாற்றம் தெரியும். ஒட்டுக்கு மேலே வந்த தளிர் இரண்டு முறை துளிர்த்து, இலைகள் முற்றியிருந்தால் நாடாவைப் பயமில்லாமல் பிரிக்கலாம். பிரிக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் தண்டு பருக்கும்போது நாடா உள்ளே இறங்கி இறுக்கிவிடும். நான் இதை மறந்துபோய், நன்றாக வளர்ந்த ஒரு வெண்ணெய்ப்பழக் கன்று காற்றில் அந்த இடத்திலேயே முறிந்தது. நாடாவைப் பிரித்ததும் தண்டு தழும்பே இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் அது வெறும் விதைக்கன்று.

இன்னொன்றும் உண்டு, இதுதான் அதிகம் நடக்கிறது. ஒட்டு உண்மையானதாகவே இருக்கும், ஆனால் மேலே வைத்த குச்சி காய்ந்துபோய், கீழே வேர்ச்செடியிலிருந்து துளிர் வந்திருக்கும். டேக் அப்படியே தொங்கும். பச்சையாக இருக்கும் கிளை தழும்புக்கு மேலே புறப்படுகிறதா, கீழேயா என்று பாருங்கள். கீழே என்றால், கன்று வந்த அன்றே படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ‘உங்கள் பராமரிப்பில் பட்டுப்போனது’ என்பார்கள்.

கேள்வி: மங்குஸ்தானில் ஒட்டுக்கன்றுக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா? விதை பாக்கெட்டும் கிடைக்கிறதே?

பதில்: மங்குஸ்தான் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாகிறது. அதனால் விதைக்கன்றும் தாய் மரத்தின் நகல்தான். ஒட்டு வாங்கினால் பழம் இன்னும் ருசியாகிவிடாது; காத்திருக்கும் காலம்தான் குறையும். விதைக்கன்று காய்க்க 7 முதல் 10 வருடம், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். ஒட்டு சீக்கிரம் காய்க்கும், ஆனால் மெதுவாக வளர்ந்து சின்ன மரமாகவே நிற்கும். இடம் குறைவு, அவசரம் என்றால் கொடுங்கள். நிழல் பரப்பும் மரம் வேண்டும், பொறுமையும் இருக்கிறது என்றால் விதைக்கன்றே போதும்.

காய்ந்த விதை பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். மங்குஸ்தான், ரம்புத்தான், டுரியான் மூன்றின் விதையும் உலர்ந்தால் செத்துவிடும். பழம் தின்ற கையோடு ஈர மண்ணில் ஊன்ற வேண்டியவை அவை.

கேள்வி: வீட்டிலேயே ஒட்டுக்கட்டிப் பழக ஆசை. கத்தரி, நாடா எல்லாம் சேர்ந்த செட் வாங்கலாமா? பலா மரத்தில் டுரியானை ஒட்டலாம் என்கிறார்களே?

பதில்: டுரியான் செம்பருத்தி குடும்பம், பலா அத்திமரத்தின் குடும்பம். வெளியே முள் இருப்பதால் மட்டும் உறவாகிவிடாது, ஒட்டாது. அப்படி ஒரு கன்றை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

செட்டில் வரும் கத்தரி இரண்டு குச்சியும் ஒரே பருமனாக இருந்தால்தான் சரியாகப் பொருந்தும். அதன் அலகு மழுங்கிவிட்டால் இளந்தண்டை நசுக்கிவிடும். எனக்குப் பிடித்தது ஒரு பக்கம் மட்டும் தீட்டிய நல்ல கத்தி ஒன்றும், இழுத்தால் நீளும் ஒட்டு நாடாவும்தான். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய பச்சை அடுக்கு, வேர்ச்செடியிலும் குச்சியிலும் ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று தொட வேண்டும். குச்சி மெல்லியதாக இருந்தால் நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளி வையுங்கள்.

குச்சியைத் தபாலில் வரவழைத்தால், இலை கிள்ளி, வெட்டு முனையில் மெழுகு பூசி, ஈரத்தாளில் சுற்றித்தான் வர வேண்டும். வந்ததும் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சையும் ஈரமும் தெரிந்தால் அன்றே கட்டிவிடுங்கள். பட்டை சுருங்கியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.