படம் வரையத் தெரியாத பெண்ணுக்கு ஃபேஷன் படிப்பு சரிவருமா?

"கோடு கூட நேராகப் போட வராது, ஃபேஷன்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்" என்று மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள் அம்மா. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவள் கேட்பது ஃபேஷன் டிசைன் இல்லை. ஆடை, வீட்டுத் துணிகள் இரண்டுக்குமான மெர்ச்சன்டைசிங். பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் வேலை வேறு.

டிசைனர் வரைந்து கொடுத்ததை எந்தத் துணியில், எத்தனை உருப்படி, என்ன விலையில், எந்தத் தேதிக்குள் கொண்டுவருவது என்று பார்ப்பவர்தான் மெர்ச்சன்டைசர். உற்பத்தி நிறுவனத்தில் இருந்தால், ஆர்டர் வந்த நாள் முதல் சரக்கு கிளம்பும் வரை அவர் பொறுப்பு. சாய நிறத்துக்கு லேப் டிப் (சாயம் ஏற்றிய சிறு மாதிரித் துணி) அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். சாம்பிள் தைக்க வைக்க வேண்டும். பட்டனும் லேபிளும் வந்து சேர்ந்தனவா என்று துரத்த வேண்டும். சில்லறை நிறுவனத்தில் இருந்தால் கொள்முதலும் இருப்பும் அவர் கையில். 1,000 சட்டை வாங்கி எட்டு வாரத்தில் 600 போயிருக்கிறது என்றால் விற்பனை 60 சதவீதம். மீதி 400-ஐ இப்போதே தள்ளுபடியில் விடுவதா, இன்னும் இரண்டு வாரம் பொறுப்பதா? அடுத்த சீசன் சரக்குக்கான பணம் அதில்தான் முடங்கிக் கிடக்கிறது. இந்த மாதிரிக் கணக்கு அவளுக்குப் பிடிக்குமா என்று பாருங்கள். வரைவதைவிட அதுதான் முக்கியம்.

பாடப்பிரிவின் பெயரில் வரும் 'ஹோம் ஃபர்னிஷிங்', அதாவது வீட்டுத் துணிகள், என்பதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. என் பார்வையில் இந்தப் படிப்பின் கனமான பாதி அதுதான். ஒரு ஜன்னல் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் அகலம் 150 செ.மீ. மடிப்பு அழகாக விழ இரண்டு மடங்கு துணி, அதாவது 300 செ.மீ. வேண்டும். துணியின் அகலம் 137 செ.மீ. என்றால் மூன்று பட்டை வெட்ட வேண்டும். ஒரு பட்டையின் நீளம், தையல் மடிப்பும் சேர்த்து, 230 செ.மீ. இதுவரை சுலபம். ஆனால் துணியில் பூ அச்சு 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது. பக்கத்துப் பட்டைகளில் பூ ஒரே கோட்டில் நிற்க, ஒவ்வொன்றையும் 64-இன் நான்கு மடங்காக, 256 செ.மீ.யாக வெட்டியாக வேண்டும். ஒரு ஜன்னலுக்கு 78 செ.மீ. கூடுதல். 200 அறை கொண்ட ஓட்டலுக்கு, அறைக்கு ஒரு ஜன்னல் என்று வைத்தாலே 156 மீட்டர்! விலை சொல்லும்போது இதை விட்டவர், லாபத்தை விட்டவர்.

அப்புறம் பரிசோதனைகள். சோபா துணி எத்தனை உரசல் தாங்கும் என்று மார்ட்டின்டேல் இயந்திரத்தில் பார்ப்பார்கள். வெயிலில் திரையின் சாயம் எவ்வளவு நிற்கும் என்பதற்கு 1 முதல் 8 வரை தரப் புள்ளி உண்டு. சலவையில் சாயம் நிற்பதற்கு 1 முதல் 5 வரை. இவற்றைப் படித்துப் புரிந்துகொள்பவருக்கு ஆடை, திரை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எல்லாக் கதவும் திறக்கும்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். சாயப்பட்டறையில் ஒரு நாள் தாமதமானால் கடைசிவரை அது துரத்தும். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு லாபத்தைத் தின்றுவிடும். வேறு நேர மண்டலத்தில் இருக்கும் பையரோடு (ஆர்டர் கொடுத்து வாங்குபவரோடு) இரவிலும் பேச வேண்டி வரும். நயமாக, ஆனால் விடாமல் கேட்டு வேலை வாங்கத் தெரியாதவர்கள் இதில் சோர்ந்துபோகிறார்கள்.

கல்லூரி தேர்வுசெய்யும்போது கட்டடத்தையும் ஃபேஷன் ஷோ படங்களையும் பார்த்து மயங்க வேண்டாம். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். துணியியல், பரிசோதனைக்கூடம், காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு), கொள்முதல் திட்டம், எக்செல் இவையெல்லாம் இருக்கின்றனவா? வீட்டுத் துணிகளுக்குத் தனிப் பாடம் உண்டா, இல்லை பெயரில் மட்டும்தானா? தொழிற்சாலையிலோ சில்லறை நிறுவனத்திலோ பல வாரப் பயிற்சி கட்டாயமா? கடைசி வருட மாணவர் ஒருவரிடம், "நீங்களே போட்ட ஒரு காஸ்ட் ஷீட்டைக் காட்ட முடியுமா?" என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை. அவளிடம் டேப்பைக் கொடுத்து வீட்டு ஜன்னல் ஒன்றை அளந்து, அச்சுத் துணிக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். முதல் தடவை தப்பாக வந்தாலும் பரவாயில்லை. ஏன் தப்பு என்று அவளாகவே திரும்ப அளக்கிறாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.